கட்டிலுக்கு அடியில் இருந்த கால்



சில ஆண்டுகளுக்கு முன் இந்த மடலின் கடைசிப் பக்கத்தில் ஒரு புகைப்படம் வெளியிட்டிருந்தோம். தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் பூ விற்கும் ஒரு சகோதரி, புதிதாகப் பொருத்திய செயற்கைக் காலுடன் எங்கள் புறநோயாளிகள் பிரிவின் வாசலில் நிற்கும் படம் அது. தண்டவாளத்தைக் கடக்கும்போது நேர்ந்த விபத்தில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர் அவர். படத்தைப் பார்த்து உங்களில் பலர் மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினீர்கள். ஓர் ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் காசைச் சேர்த்து மணியார்டர் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பற்றி ஓர் உண்மையை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

படம் வெளிவந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, வேறொரு நோயாளியைப் பார்க்க முடிச்சூர் பக்கம் போன எங்கள் ஊழியர், அந்தச் சகோதரியின் வீட்டுக்கும் போனார். அவர் இரண்டு ஊன்றுகோல்களை அக்குளில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தார். கால் எங்கே என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மகள்தான் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து, பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த காலை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

"ஒரு மாசம் போட்டுப் பார்த்தேன், சிஸ்டர். ரெண்டு தரம் விழுந்துட்டேன். காசு குடுத்தவங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் உங்ககிட்ட வந்து சொல்லலை" என்றார்.

காசு கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு பெண் ஓராண்டு காலம் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தார். அதற்குக் காரணம் அவரல்ல, நாங்கள். அந்தக் கால் மட்டமான பொருளும் அல்ல. தவறு எங்கே நேர்ந்தது என்று நாங்கள் தேடிக் கற்றுக்கொண்டதையே இந்த இதழின் பாடமாக எழுதுகிறோம். நம் ஊருக்கு மிக அருகிலேயே, கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில், இதே கேள்வியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள் என்பதும் அந்தத் தேடலில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

எந்த முழங்கால்?

செயற்கை முழங்கால் என்றதும் உங்களில் பலருக்கு நினைவு வருவது மூட்டு மாற்று அறுவை சிகிச்சையாக இருக்கும். உங்கள் சபையிலேயே அதைச் செய்துகொண்ட பெரியவர்கள் இருப்பார்கள். அது வேறு. அதில் தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவிவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் வைக்கிறார்கள். தசை, நரம்பு, தோல் எல்லாம் அவருடைய சொந்தக் காலே. நாம் இங்கே பார்க்கப்போவது காலையே இழந்தவருக்கு வெளியிலிருந்து மாட்டும் காலின் நடுவே இருக்கும் மூட்டை. ரயில், சாலை விபத்துகள், சர்க்கரை நோயால் ஆறாத புண், எலும்பில் வரும் கட்டி என்று பல வழிகளில் காலை இழந்தவர்கள் அதை அணிகிறார்கள்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவருக்கும் மேலே இழந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை, இழந்த நீளத்தை அளந்து புரிந்துகொள்ள முடியாது. கீழே இழந்தவரிடம் சொந்த மூட்டும் அதை நிமிர்த்தும் தொடைத் தசையும் இருக்கின்றன. பழகிவிட்டால் அவர் சைக்கிள் மிதிப்பார், ஏணி ஏறுவார். மேலே இழந்தவர் நடப்பதற்கே, சாதாரண மனிதருக்கு ஆகும் சக்தியைவிட அரைப் பங்குக்கும் மேல் கூடுதலாகச் செலவிடுகிறார் என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கும் மேலே, ஒவ்வோர் அடியிலும் அவருக்கு ஒரு பயம் இருக்கிறது. குதிகால் தரையில் படும் அந்த நொடியில் மூட்டு மடங்கிவிடுமோ என்ற பயம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் எளியது. நாம் அடி வைக்கும்போது உடம்பின் பாரம் ஒரு கோடாகத் தரைக்கு இறங்குகிறது. அந்தக் கோடு முழங்காலுக்கு முன்னால் விழுந்தால் பாரமே மூட்டை நிமிர்த்திப் பிடிக்கும். பின்னால் விழுந்தால் மூட்டு மடங்கும். நமக்கு மடங்காமல் இருப்பதற்குக் காரணம், தொடையின் முன்பக்கத் தசை நாம் அறியாமலே இழுத்துப் பிடிப்பதுதான். செயற்கை மூட்டை இழுத்துப் பிடிக்க அப்படி ஒரு தசை கிடையாது.

இதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் தீர்வு பூட்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் மூட்டைப் பூட்டிவிடுவது, உட்காரும்போது ஒரு கம்பியை இழுத்துத் திறப்பது. இது மடங்கவே மடங்காது, விலையும் குறைவு. நாங்கள் அந்தச் சகோதரிக்குக் கொடுத்தது இதைத்தான். பாதுகாப்பானது என்று மனதார நம்பினோம். ஆனால் மடங்காத காலை முன்னே வீசும்போது பாதம் தரையில் இடிக்கும். இடிக்காமலிருக்க இடுப்பைத் தூக்க வேண்டும், அல்லது காலை வெளிப்பக்கமாக அரைவட்டமாகச் சுழற்றிக் கொண்டுவர வேண்டும். முடிச்சூர் போன்ற பகுதியில், மழைக்குப் பின் சேறும் செங்கல்லுமாகக் கிடக்கும் தெருவில், சேலை கட்டிய ஒருவர் காலை அரைவட்டமாகச் சுழற்றி நடப்பதை எண்ணிப் பாருங்கள். அவர் முதல் தரம் விழுந்தது தெருவில். இரண்டாவது தரம் தம் வீட்டு வாசற்படியிலேயே.

இன்னொரு வழி, கதவுக் கீல் போன்ற ஒற்றை அச்சு மூட்டை வைத்து, அந்தக் கீலைப் பாரக்கோட்டுக்குச் சற்றே பின்னால் தள்ளிப் பொருத்துவது. அப்போது மூட்டு எளிதில் மடங்காது. ஆனால் அடி எடுத்து வைக்கும்போது மடங்க வேண்டிய நேரத்திலும் எளிதில் மடங்காது. உறுதியைக் கூட்டினால் நடை கனக்கும். நடையை இலகுவாக்கினால் உறுதி குறையும். மூட்டு செய்கிறவர்கள் இந்த இழுபறியோடுதான் காலமெல்லாம் போராடி வந்திருக்கிறார்கள்.

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை

மூன்றாவது வழியைப் புரிந்துகொள்ள எங்களுக்கே சில நாட்கள் பிடித்தது. படித்துப் புரியாமல், கடைசியில் அட்டையை வெட்டித்தான் புரிந்துகொண்டோம். நீங்களும் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை நான்கு பட்டைகளாக வெட்டுங்கள். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே கிடையாக வையுங்கள். மேலே இருப்பது தொடைப் பகுதி, கீழே இருப்பது கெண்டைக்கால் பகுதி. மற்ற இரண்டு பட்டைகளால் இவற்றை, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இணைத்து, நான்கு மூலைகளிலும் குண்டூசி குத்துங்கள். இரண்டு இணைப்புப் பட்டைகளும் மேலே போகும்போது பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். முன்பட்டை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருக்கட்டும். இப்போது பென்சிலை எடுத்து, இணைப்புப் பட்டைகள் போகும் திசையிலேயே இரண்டு கோடுகளை மேல்நோக்கி நீட்டுங்கள். அவை ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த இடம் மூட்டுக்குள் இராது. மூட்டுக்கு மேலே, பின்னால், வெறுங்காற்றில் இருக்கும். காலின் கீழ்ப்பகுதி அந்த நொடியில் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் திரும்புகிறது. கீழ்ப்பட்டையை மெல்லப் பின்னுக்கு மடக்கி மறுபடியும் கோடு போட்டுப் பாருங்கள். புள்ளி இடம் மாறியிருக்கும்.

நான்கு சட்ட மூட்டு, அல்லது பல மையங்களில் திரும்புவதால் பாலிசென்ட்ரிக் மூட்டு என்று இதற்குப் பெயர். கால் நிமிர்ந்திருக்கும்போது திரும்பும் புள்ளி பாரக்கோட்டுக்கு நன்றாகப் பின்னால் இருப்பதால் மூட்டு உறுதியாக நிற்கிறது. புள்ளி உயரத்தில், இடுப்புக்கு அருகே இருப்பதால், மிஞ்சியிருக்கும் இடுப்புத் தசையின் சிறிய பலத்தாலேயே மூட்டைக் கட்டுப்படுத்த முடிகிறது. மடங்கத் தொடங்கியதும் புள்ளி நகர்ந்துவிடுவதால் முரண்டு பிடிக்காமல் மடங்குகிறது. மடங்கும்போது பாதம் தரையிலிருந்து கூடுதலாக எழும்புகிறது. ஆகவே கல்லில் இடிப்பது குறைகிறது. பூட்டும் இல்லை, மின்சாரமும் இல்லை. நான்கு சட்டங்களும் நான்கு ஊசிகளும்தான். சட்டங்களின் நீளத்தையும் சாய்வையும் எவ்வளவு வைப்பது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

அதை ஒழுங்காகக் கணக்கிட்டுச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் பெர்க்லியிலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ராட்கிளிஃப். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து திரும்பிய போர்வீரர்களுக்காக அங்கே தொடங்கிய ஆராய்ச்சி அது. அந்தப் போர்வீரர்கள் நாற்காலியில் உட்காருகிறவர்கள், எந்நேரமும் பூட்ஸ் அணிகிறவர்கள், மேசையில் சாப்பிடுகிறவர்கள். அவர்களுடைய வாழ்க்கைக்கு ஏற்ற கணக்கு நம் ஊர் வாழ்க்கைக்கு அப்படியே பொருந்திவிடாது.

இந்தக் குறையைப் பாதத்தைப் பொறுத்தவரையில் நம் நாட்டிலேயே தீர்த்துவைத்தவர்கள் உண்டு. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதத்தைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருப்பீர்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம். ஆனால் பாதம் முழங்காலைக் கொடுக்காது. பின்னர் ஜெய்ப்பூர் அமைப்பும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து எண்ணெய் ஊறிய நைலானில் ஒரு நான்கு சட்ட மூட்டைச் செய்தார்கள். அமெரிக்காவின் டைம் பத்திரிகை 2009-இல் அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

கிண்டியில் நடப்பது

சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கிப் போய்விடக்கூடிய தூரம். நின்ற நிலைக்கு எழுப்பிவிடும் அரைஸ் என்ற சக்கர நாற்காலி அங்கே உருவானது. 2017-இல் இந்தக் குழுவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை எங்கள் கவனத்தைக் கவர்ந்தது. பல்வேறு நான்கு சட்ட மூட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளப்பதற்கு ஒரு முறையையும், அந்த முறையைக் கொண்டு நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஏற்ற ஒரு மூட்டை வடிவமைப்பதையும் அது பேசுகிறது. ராட்கிளிஃப் விட்ட இடத்திலிருந்து நம் வீதிக்கு வரும் வழி என்று அதைச் சொல்லலாம்.

2022-இல் அவர்களுடைய மூட்டு 'கதம்' என்ற பெயரில் வெளிவந்தது. இந்தியில் கதம் என்றால் எடுத்து வைக்கும் அடி. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையோடு இணைந்த உயிரி மருத்துவத் தொழில்நுட்பச் சங்கமும், பெங்களூரில் 1994-இல் தொடங்கப்பட்ட மொபிலிட்டி இந்தியா தொண்டு நிறுவனமும் இதில் பங்காளிகள். முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் பாலிசென்ட்ரிக் முழங்கால் என்று அறிவித்தார்கள். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியக் கலவையும் கொண்டு செய்தது. ஊசிகளுக்குக் கடினமான குரோமியப் பூச்சு. ஊசி சுழலும் இடத்தில் நீண்ட நாள் உழைக்கும் பாலிமர் புஷ். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் எப்படிக் கிடந்தது என்பதைப் பார்த்த எங்களுக்கு, இந்த விவரம்தான் முதலில் கண்ணில் பட்டது. தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டிய ஊர் இது.

இந்த மூட்டு 160 பாகை வரை மடங்கும். பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே காலை மடக்கி ஒதுங்கி உட்கார இது உதவும் என்று வடிவமைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பேருந்தில் கால் நீட்டிக்கொண்டிருப்பதால் பக்கத்துப் பயணியிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மூட்டு உழைக்குமா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஐ.எஸ்.ஓ. 10328 என்ற சர்வதேச அளவுகோலின்படி, ஓர் இயந்திரத்தில் மாட்டி 30 லட்சம் தடவை பாரம் ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். அந்தக் காலால் நாளொன்றுக்கு 3,000 அடி வைக்கிறவருக்கு அது 1,000 நாள் நடை. கதம் அந்த அளவுகோலின்படி சோதிக்கப்பட்டது.

எங்களிடம் வரும் ஓர் ஓய்வுபெற்ற உபதேசியார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, இதை மாட்டிக்கொண்டு நான் முழங்காற்படியிடலாமா?" என்று கேட்டார். மடங்கும், ஆனால் எழுந்திருப்பது அதனால் ஆகாது என்று சொன்னோம். இந்த வகை மூட்டுகளுக்குச் சொந்தமாகத் தள்ளி எழுப்பும் பலம் இல்லை. நல்ல காலை ஊன்றி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். மாடிப்படியிலும் அப்படியே. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது செயற்கைக் கால் முன்னே. அவர் சிரித்துக்கொண்டு, பெஞ்சைப் பிடித்து எழுவது வயதானவர்கள் எல்லாருக்கும் பொதுதானே என்றார்.

இதைவிட நுட்பமான மூட்டுகளும் வருகின்றன. ஒவ்வோர் அடியையும் உணர்ந்து தானாகவே சரிசெய்துகொள்ளும், கணினிச் சில்லு வைத்த முழங்கால் ஒன்றை இஸ்ரோ விஞ்ஞானிகள் திருவனந்தபுரத்தில் உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதன் எடை 1.6 கிலோ, அதை அணிந்த ஒருவர் ஏறத்தாழ 100 மீட்டர் நடந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய மூட்டுகள் 10 லட்சம் முதல் 60 லட்சம் ரூபாய் வரை ஆகும் நிலையில், இது 4 அல்லது 5 லட்சத்தில் கிடைக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். எங்களிடம் வருகிறவர்களுக்கு அதுவும் எட்டாத தொகைதான் என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

நாங்கள் தவறிய இடம்

இவ்வளவையும் படித்த பிறகு, நல்ல மூட்டு ஒன்றை வாங்கி அந்தச் சகோதரியின் பழைய காலில் மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்தோம். கால் பொருத்தும் வல்லுநர் ஒருவர் அந்தக் காலைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூட்டை அவர் பார்க்கவே இல்லை. மேலே தொடையை நுழைக்கும் குழியைத்தான் பார்த்தார். சாக்கெட் என்று சொல்லும் அந்தக் குழிக்குள் தம் மூன்று விரல்களை விட்டு, "அந்த அம்மாவைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

படுக்க முடியவில்லை. மிஞ்சிய தொடை முன்பக்கமாக மடங்கியபடியே நின்றது.

காலை எடுத்த முதல் வாரங்களில் வலிக்கு இதமாக இருக்கும் என்று தொடைக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வீட்டார் அன்பினால் செய்வது அது. ஆனால் வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் இடுப்பு மூட்டு இறுகி, தொடை நேராக நிமிராமல் போய்விடும். நிமிராத தொடையில் செயற்கைக் காலை மாட்டினால் முழங்கால் முன்னே தள்ளப்படும். அட்டையில் போட்ட கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: மூட்டு முன்னே வந்தால் பாரம் அதற்குப் பின்னால் விழுகிறது. எவ்வளவு நல்ல மூட்டானாலும் மடங்கத்தான் செய்யும். ஒரு நாளில் சில தடவை குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள் என்று முதல் வாரத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால் இது நேர்ந்திராது. எங்கள் வார்டில் அதைச் சொல்ல ஆள் வைத்திருக்கவில்லை.

சாக்கெட்டின் கதை இன்னொன்று. முழங்காலுக்கு மேலே வெட்டிய தொடை எலும்பின் முனையில் உடம்பின் பாரம் முழுவதையும் ஏற்ற முடியாது. உட்காரும்போது நம்மைத் தாங்கும் எலும்பும் தொடையின் சதையும்தான் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்காக மிஞ்சிய தொடையின் மேல் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் மாவை ஊற்றித் தொடையின் உருவத்தைச் செய்கிறார்கள். பாரம் தாங்க வேண்டிய இடங்களில் செதுக்கி, தாங்கக்கூடாத இடங்களில் மாவு சேர்த்து, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்திச் சாக்கெட்டை உருவாக்குகிறார்கள். இதில் கண்ணும் கையும் அனுபவமும்தான் கருவி. ஆனால் தொடை மாவைப் போல ஒரே அளவில் நிற்பதில்லை. அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும். கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றினால் மெல்ல மெல்ல வற்றும். அதற்குப் பிறகும் பல மாதங்கள் சுருங்கிக்கொண்டே போகும். நாங்கள் அச்சு எடுத்தது வீக்கம் முழுதும் வற்றாத நேரத்தில். ஒரு முகாமில் அளவெடுத்து, அடுத்த முகாமில் காலைக் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டோம். தொடை சுருங்கச் சுருங்க, சாக்கெட் அவருக்கு உரலில் உலக்கை ஆடுவதுபோல் ஆடியிருக்கிறது. சித்திரை வெயிலில் வேர்வையும் சேர்ந்து தோல் உரிந்திருக்கிறது. அந்தக் காலத்துக்கென்று போட்டுக்கொள்ளும் தடித்த பருத்தி உறை உண்டு. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருந்தால்கூடக் கொஞ்ச நாள் சமாளித்திருக்கலாம். அதையும் நாங்கள் கொடுக்கவில்லை.

பிறகு நேர்கோடு பார்க்கும் வேலை. சாக்கெட், மூட்டு, பாதம் மூன்றையும் ஒரே தண்டில் கோக்கும்போது மூட்டு ஒரு சென்டிமீட்டர் முன்பின்னாகப் போனாலும் நடை மாறிவிடும். மேசையில் வைத்துப் பார்ப்பது ஒரு தரம், நிற்கவைத்துப் பார்ப்பது ஒரு தரம், நடக்கவைத்துப் பார்த்துத் திருப்புளியால் திருத்துவது பல தரம். அந்தத் திருத்தம் எங்கள் முகாமில் ஒரே பகலில் முடிந்திருந்தது.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் இதையெல்லாம் முன்பே தொடங்கி வைத்தார் என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அங்கே நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கிப் பயின்றார்கள். அந்த வரலாற்றை எத்தனையோ கூட்டங்களில் சொல்லி வந்த நாங்கள், எங்கள் முகாமை ஒரே பகலில் முடித்துக்கொண்டிருந்தோம்.

மறுபடியும்

அந்தச் சகோதரிக்கு முதல் இரண்டு மாதம் புதுக் கால் எதுவும் கொடுக்கவில்லை. குப்புறப் படுப்பதும், இடுப்பை நிமிர்த்தும் பயிற்சியும், கட்டுப் போடுவதும்தான். எங்கள் பிசியோதெரபிஸ்ட் வயதில் சிறியவர்.

"இன்னும் பத்து தடவை, அக்கா" என்பார் அவர்.

"நீ எண்ணுற பத்து முடியவே முடியாது, தம்பி" என்பார் இவர்.

அதற்குப் பிறகு புது அச்சு, புதுச் சாக்கெட், நான்கு சட்ட மூட்டு. இணைக் கம்பிகளுக்கு நடுவே கண்ணாடியைப் பார்த்து நடந்தார். குதிகால் தரையில் பட்டதும் இடுப்பால் தொடையைப் பின்னுக்கு அழுத்த வேண்டும் என்பது உடம்புக்குப் பழகவே மூன்று வாரம் பிடித்தது. விழுந்தால் எப்படி விழுவது, தரையிலிருந்து எப்படி எழுவது என்பதையும் பாய் விரித்துக் கற்றுக்கொண்டார். கடைசி வாரம் பயிற்சி முழுவதும் மருத்துவமனைக்கு வெளியே நடந்தது. ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகள், பேருந்தின் முதல் படி, வாசற்படி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டோம். ஒரு முறை அப்படி எழுதிவிட்டோம். நிலைய வாசலில் சாக்கை விரித்து மணிக்கணக்கில் உட்கார்ந்து பூ கட்டும்போது அவர் காலைக் கழற்றிப் பக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறார். சாக்கெட்டின் விளிம்பு தரையில் உட்காருகிறவருக்கு இன்னும் உறுத்துகிறது. மூட்டு எவ்வளவு மடங்கினாலும் அதற்கு மருந்தில்லை. மழை நாட்களில் ஒரு ஊன்றுகோலை எடுத்துக்கொள்கிறார். ஆனால் விடியற்காலையில் பூ வாங்க அவரே பேருந்தில் போய் வருகிறார். முன்பு மகள் பள்ளிக்கு நேரமாகிறது என்று அழுதுகொண்டே போய் வாங்கி வருவாளாம். இப்போது அவள் நேரத்துக்குப் பள்ளிக்குப் போகிறாள்.

எங்கள் வேலை முறையிலும் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். முகாமில் காலைக் கையில் கொடுத்து அனுப்புவதை நிறுத்திவிட்டோம். கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் கால் செய்து பொருத்திப் பயிற்சியும் தருகிறார்கள். அங்கே போக முடிந்தவர்களை அங்கேயே அனுப்புகிறோம், பயணச் செலவை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்களிடமே பொருத்திக்கொள்கிறவர்களுக்கு முதல் ஆண்டிலேயே இரண்டாவது சாக்கெட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்குகிறோம். அதனால் உங்கள் காணிக்கையில் முன்பைவிடக் குறைவான பேருக்குத்தான் கால் கொடுக்க முடிகிறது. ஆண்டறிக்கையில் 'வழங்கிய கால்கள்' என்றிருந்த வரியை எடுத்துவிட்டு, 'ஓராண்டுக்குப் பின்னும் அணிந்திருப்பவர்கள்' என்ற வரியைச் சேர்த்திருக்கிறோம். எண் சிறியதாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

இந்த இதழுக்கு ஒரு புதுப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று சகோதரியிடம் கேட்டோம். தம்மைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள், பெயரும் படமும் வேண்டாம் என்றார். அப்புறம், போகிற போக்கில், சாக்கெட் மறுபடியும் கொஞ்சம் ஆடுவதாகச் சொன்னார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.